தாமதத்தைத் திருத்தும் மூளை

(அந்தமான் ஜங்லிகாட்டில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பத்திரிகைக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

  

நான் பௌதிகத்தில் பட்டம் பெற்றவன். அதற்குப் பின் முப்பத்தைந்து வருஷம் மத்திய சர்க்கார் கோப்புகளைப் புரட்டியவன். வைத்தியன் அல்ல. ஓய்வு பெற்ற பிறகு படித்த விஷயங்களில், நம் வயதுக்காரர்களுக்குப் பிரயோஜனப்படும் ஒன்றை மட்டும் சொல்ல வந்திருக்கிறேன். சூத்திரம், சமன்பாடு எதுவும் கிடையாது, பயப்பட வேண்டாம்.

நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. "வயசாயிடுத்து, இனிமே எங்கே மண்டையில ஏறப்போறது?" கைப்பேசி பழகச் சொன்னாலும் இதே பதில், புதிதாக ஒரு கீர்த்தனை கற்கச் சொன்னாலும் இதே பதில். இது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்பதுதான் இன்றைய விஷயம். அதற்கு முதலில் 'தாமதம்' என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1985 முதல் 1988 வரை நான் இதே ஊரில் உத்தியோகம் பார்த்தேன். அப்போது இது போர்ட் பிளேர். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கிறது. கும்பகோணத்திலிருந்த என் தாயாருடன் டெலிபோனில் பேசினால், குரல் செயற்கைக்கோள் வழியாகப் போய் வரும். அது பூமிக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது. குரல் ஏறி இறங்கக் கால் நொடி. பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. அம்மா "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரவில்லையே என்று மறுபடி "ஹலோ" என்பாள். அதற்குள் என் பதில் அங்கே போய்ச் சேரும். இரண்டு பேச்சும் மோதிக்கொள்ளும். நாலைந்து தடவை பேசிய பிறகு, கேட்டுவிட்டு ஒரு மூச்சு விட்டுக் காத்திருக்க அம்மாவே பழகிக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

2020 ஆகஸ்ட் 10-ம் தேதி சென்னையையும் இந்தத் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கேபிள் துவக்கி வைக்கப்பட்டது. மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆகவே சென்னையில் சொன்னது இங்கே கேட்க, நொடியில் நூறில் ஒரு பங்குகூட இழைக்குள் ஆவதில்லை. பேசுகிறவர் அவரே, கேட்கிறவர் அவரே, செய்தியும் அதுவே. வழி மாறியது, தாமதம் மாறியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் உடம்புக்குள்ளும் செய்திகள் இப்படித்தான் ஓடுகின்றன. நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் பெரிய உடலியல் நிபுணர்களே நினைத்தார்கள். 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஒரு தவளையின் கால் நரம்பில் அதை அளந்து காட்டினார். நொடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர்தான். மின்னல் வேகம் என்று நினைத்தது, கடைசியில் ரயில் வேகமாக முடிந்தது.

எல்லா நரம்பும் ஒரே வேகமும் இல்லை. கட்டில் காலில் கால் விரலை இடித்துக்கொண்ட அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. இடித்தது உடனே தெரிகிறது. "ஐயோ, வலிக்கப் போகிறதே" என்று நினைக்கக்கூட நேரம் இருக்கிறது. அதற்கப்புறம்தான் அந்த எரிகிற வலி வந்து சேர்கிறது. தொடு உணர்ச்சியைக் கொண்டு வரும் நரம்பு நொடிக்கு 50 மீட்டர், அதற்கு மேலும் ஓடும். மந்தமான வலியைக் கொண்டு வருவது நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடந்து வரும். புறப்பட்ட இடம் ஒன்றுதான். வந்து சேரும் நேரம் வேறு.

இனி, கற்றல் என்றால் என்ன? 1949-ல் டொனால்டு ஹெப் என்ற கனடா நாட்டு மனோதத்துவ நிபுணர் ஒரு கருத்தைச் சொன்னார். ஒரு நரம்பணு திரும்பத் திரும்ப இன்னொன்றைத் தூண்டிச் செயல்பட வைத்தால், அந்த இரண்டுக்கும் இடையே உள்ள இணைப்பு பலப்படும் என்றார். 1997, 98-ம் வருஷங்களில் செய்த சோதனைகள் இதில் ஒரு நுணுக்கத்தைக் காட்டின. செய்தி, பெறுகிற அணு செயல்படுவதற்குச் சற்று முன்பாக வந்தால் இணைப்பு பலப்படுகிறது. சற்றுப் பிந்தி வந்தால் பலவீனப்படுகிறது. 'சற்று' என்றால் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. ஆபீஸில் இருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அதிகாரி கையெழுத்திட்ட பிறகு வந்து சேரும் குறிப்புக்கு என்ன மதிப்பு? எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் கோப்பின் அடியில்தான் போகும்.

ஆக, செய்தி எவ்வளவு பலமானது என்பது மட்டும் போதாது. அது எப்போது வந்து சேர்கிறது என்பதும் வேண்டும். மூளை கற்கும்போது இந்த வருகை நேரத்தையும் சரி செய்கிறது. இதைத்தான் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் கூகை. அந்தமானுக்கே உரிய கூகை இனம் ஒன்று உண்டு. வேறு எங்கும் கிடையாது. டைட்டோ டிரோப்ஸ்டார்ஃபி என்பது அதன் விஞ்ஞானப் பெயர். 1875-ல் ஹ்யூம் வைத்தது. யார் இந்த ரோப்ஸ்டார்ஃப்? டென்மார்க்கைச் சேர்ந்தவர், இந்தத் தீவுகளின் பிரிட்டிஷ் நிர்வாகத்தில் அதிகாரியாக இருந்தவர், நிகோபார் மொழிக்கு அகராதி தொகுத்தவர். 1883-ல் நிகோபாரில் கொலையுண்டார். அதிகாரியாக இருந்த ஒருவர் பெயர் ஒரு பறவையோடு இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. நமக்கெல்லாம் பென்ஷன் ஆர்டரோடு சரி.

இதன் நெருங்கிய உறவான சாதாரண கூகையை வைத்துத்தான் ஆராய்ச்சி நடந்தது. கும்மிருட்டான அறையில் ஓடும் சுண்டெலியை, ஓசையை மட்டும் கேட்டு, கூகை பிடித்துவிடும் என்று ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி நிரூபித்தார். எப்படி முடிகிறது? ஓசை வலப்பக்கத்திலிருந்து வந்தால் வலது காதுக்கு முதலில் கேட்கும். இடது காதுக்குச் சற்றுப் பிந்தும். நம் தலையளவுக்கே இந்த வித்தியாசம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கூகையின் சின்னத் தலையில் இன்னும் சொற்பம். நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு அளவு நுட்பமான வித்தியாசத்தைக்கூட அது கணக்கிட்டாக வேண்டும். நரம்பின் ஒரு துடிப்போ ஆயிரத்தில் ஒரு பங்கு நீடிக்கும். முழம் போடும் கையை வைத்து நூலின் கனத்தை அளப்பது போல.

இதற்கு 1948-லேயே ஜெஃப்ரெஸ் என்பவர் ஒரு யோசனை சொன்னார். அக்ரஹாரத்தை வைத்துச் சொல்கிறேன். மார்கழி விடியற்காலையில் தெருவின் கிழக்குக் கோடியிலிருந்து ஒரு பஜனை கோஷ்டி, மேற்குக் கோடியிலிருந்து இன்னொரு கோஷ்டி புறப்படுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் தெருவின் நடு வீட்டு வாசலில் சந்திக்கும். கிழக்குக் கோஷ்டி முந்திக் கிளம்பினால் சந்திப்பு மேற்கே தள்ளிப் போகும். எந்த வீட்டு வாசலில் சந்தித்தார்கள் என்று தெரிந்தால், யார் எவ்வளவு முந்திக் கிளம்பினார்கள் என்று கடிகாரம் இல்லாமலே சொல்லிவிடலாம். கோஷ்டிகள்தான் இரண்டு காதுச் செய்திகள். வீடுகள்தான் நரம்பணுக்கள். இரண்டு செய்தியும் ஒன்றாக வரும்போது மட்டும் அந்த வீட்டில் விளக்கு எரியும். கலிபோர்னியாவில் கோனிஷியும் கேதரின் காரும் 1980-களின் இறுதியில் கூகையின் மூளையில் இப்படிப்பட்ட அமைப்பு இருப்பதையே கண்டுபிடித்தார்கள். நம்மைப் போன்ற பாலூட்டிகளில் இந்தக் கணக்கு சற்று வேறு விதமாக நடக்கிறது என்று சொல்லும் விஞ்ஞானிகளும் உண்டு. காலத்தை ஒப்பிடுவது மட்டும் பொது.

திருக்குறளில் 'காலமறிதல்' அதிகாரம் கூகையையும் காக்கையையும் சொல்லித்தான் தொடங்குகிறது. வள்ளுவர் சொல்ல வந்தது அரச நீதி. ஆனாலும் காலமறிதலுக்குக் கூகை பொருத்தமான பறவைதான்.

இந்தத் தெருவின் நீளத்தை அத்தனை நுட்பமாக அளந்து போட்டது யார்? கூகைக் குஞ்சின் தலை வளர வளரக் காதுகளின் இடைவெளியும் மாறுமே! 1996-ல் ஜெர்மனியில் பணியாற்றிய கெர்ஸ்ட்னர், வான் ஹெம்மன் முதலியோர் கணித முறையில் ஒரு விடை தந்தார்கள். ஆரம்பத்தில் ஒரே அணுவுக்குப் பல வழிகளில், பல தாமதங்களோடு செய்திகள் வருகின்றன. ஒன்றோடு ஒன்று இசைந்து வருபவை பலப்படுகின்றன. முந்தியும் பிந்தியும் வருபவை மங்கிப் போகின்றன. பழகப் பழகச் சரியான தாமதம் உள்ள வழிகளே மிஞ்சுகின்றன. இது தாமதத்தைத் தேர்ந்தெடுப்பது.

இன்னொரு விதமும் உண்டு: வழியின் வேகத்தையே மாற்றுவது. பல நரம்பு இழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கிறது. செப்புக் கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாதிரி. உறையில் நடுநடுவே சிறு இடைவெளிகள் இருக்கும். செய்தி அந்த இடைவெளிகளில் புதுப்பிக்கப்பட்டுத் தாவித் தாவிப் போகும். உறையில்லாத இழையில் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர். நல்ல உறையுள்ள பெரிய இழையில் 100 மீட்டருக்கு மேல். உறையின் கனமும் இடைவெளிகளின் தூரமும் மாறினால் வேகம் மாறும், தாமதமும் மாறும்.

"அப்படியானால் எல்லாவற்றையும் முழு வேகத்தில் ஓட விட்டால் போதுமே?" என்று கேட்கலாம். போதாது. ஆறு மணி முகூர்த்தத்திற்குத் தாம்பரத்துக்காரர் நாலரைக்குக் கிளம்ப வேண்டும். கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் சரி. இருவரும் வேகமாகப் போவது முக்கியமல்ல; தாலி கட்டும்போது இருவரும் அங்கே இருப்பதுதான் முக்கியம். மிருதங்கம் வாசிப்பவரின் இரண்டு கையும், காதும், தாளம் போடுகிறவரைப் பார்க்கும் கண்ணும் ஒரே இடத்தில் கூடுவதும் இப்படித்தான்.

இந்த உறை பிறவியோடு முடிந்துவிடுகிற காரியம் அல்ல. 2005-ல் ஸ்டாக்ஹோம் நகரில் பியானோ வித்வான்களைப் பரிசோதித்தபோது, சாதகம் செய்த மணி நேரங்களுக்கும் மூளையின் வெண்பகுதி அமைப்புக்கும் தொடர்பு தெரிந்தது. வெண்பகுதி வெள்ளையாக இருப்பதே இந்த உறையால்தான். 2014-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில், படிகள் ஒழுங்கில்லாமல் வைத்த சக்கரத்தில் ஓடச் சுண்டெலிகளைப் பழக்கினார்கள். மூளையில் புதிதாக உறை போடும் செல்கள் உண்டாகாதபடி தடுக்கப்பட்ட எலிகள் அதைச் சரியாகக் கற்கவில்லை. ஆனால் தடுப்பதற்கு முன்பே கற்றிருந்த எலிகள் நன்றாகவே ஓடின. புதிய பயிற்சிக்குப் புதிய உறை தேவைப்படுகிறது என்று தெரிகிறது. ஒவ்வொரு இழையிலும் எத்தனை தாமதம் திருத்தப்படுகிறது என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது நம் வயதுக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நட்ஸன் என்ற பேராசிரியர் கூகைகளுக்கு மூக்குக்கண்ணாடி போட்டார். சாதாரணக் கண்ணாடி அல்ல. காட்சியைப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடி. இளம் கூகைகள் சில வாரங்களில் சமாளித்துக்கொண்டன. எத்தனை நேர வித்தியாசத்துக்கு விடையளிப்பது என்பதையே அவற்றின் நரம்பணுக்கள் மாற்றிக்கொண்டன. வயது வந்த கூகைகளால் மிகக் கொஞ்சமே முடிந்தது. "பார்த்தீர்களா, வயசாயிடுத்து" என்று இதோடு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. 2002-ல் வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். பெரிய மாற்றத்தை ஒரேயடியாகக் கொடுக்காமல், சின்னச் சின்னப் படியாகக் கூட்டினார்கள். இந்த முறையில் வயது வந்த கூகைகள் மிக அதிகமாகக் கற்றன. 2005-ல் இன்னொன்றும் தெரிந்தது. செத்த எலியை வைத்துப் போஷித்த கூகைகளைவிட, உயிருள்ள எலியை வேட்டையாடிச் சாப்பிட வேண்டியிருந்த கூகைகள் நன்றாகக் கற்றன.

படிப்படியாகக் கற்பது ஒன்று. உண்மையான தேவையோடு கற்பது ஒன்று. வயதானவர்களுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. இதற்குக் கூகையைத் தேடிப் போக வேண்டாம். இந்த ஜங்லிகாட்டிலேயே ஐம்பது வயதுக்கு மேல் வந்து, இந்தி ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் இறங்கி, காய்கறிக்காரரோடு பேரம் பேசிப் பேசியே நன்றாகப் பேசக் கற்ற மாமிகள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். (சிரிப்பு.) ஜெர்மனியில் அறுபது வயது அளவிலுள்ளவர்களுக்குப் பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தை கற்பித்தார்கள், 2008-ல் வெளியான ஆராய்ச்சி அது. இளைஞர்கள் அளவு தேர்ச்சி வரவில்லை என்பது உண்மை. ஆனால் கற்றவர்களின் மூளையில் மாறுதல் தெரிந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் நாம் அவசியம் கவனிக்க வேண்டியது. இந்த மயலின் உறை கெடாமல் இருக்க வைட்டமின் பி12 வேண்டும். அது தாவர உணவில் இயற்கையாகக் கிடைப்பதில்லை. மரக்கறி உணவுக்காரர்களான நமக்குப் பாலும் தயிரும் மோரும்தான் வழி. டாக்டர் கொழுப்பு என்றார், பிள்ளை சர்க்கரை என்றான் என்று அதையும் குறைத்துவிடுகிறோம். வயதாக ஆக வயிறு அதை உணவிலிருந்து பிரித்தெடுப்பதும் குறைகிறது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சில மாத்திரைகள் ஆகியவற்றை வருஷக்கணக்கில் சாப்பிட்டாலும் பி12 குறையலாம். அதற்காக யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் கேட்டால் போதும்.

என் தமக்கைக்கு 79 வயதில் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறது என்பாள். பகலில் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்துவிடுவாள். இரவில் விளக்கை அணைத்தால் தள்ளாடுவாள். முகம் கழுவக் கண்ணை மூடினால் சாய்வாள். பாதத்திலிருந்து வர வேண்டிய செய்தி சரியாக வராததால், கண்ணை நம்பியே நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் எல்லோரும் "வயசு" என்றார்கள். ஒரு டாக்டர் மட்டும் ரத்தத்தில் பி12 பார்க்கச் சொன்னார். அது மிகக் குறைவாக இருந்தது. ஊசி போட்டார்கள், கூடவே தினமும் சுவரைப் பிடித்து நிற்கவும் நடக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். ஆறேழு மாதத்தில் தன் அறையிலிருந்து சமையலறைக்கு இருட்டிலும் போகிறாள். விரல் நுனியில் மதமதப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மிகவும் தாமதித்திருந்தால் இந்த அளவுக்கும் திரும்பியிராது என்று டாக்டர் சொன்னார். பி12 குறைவினால் வரும் நரம்புச் சேதத்தில் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் சாப்பிட்டால் ரத்த சோகை சரியானது போலத் தோன்றி, நரம்புச் சேதம் உள்ளே தொடரக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேச்சு முடிந்தபின் ஒரு அன்பர், "வேத அத்யயனம் செய்தால் மூளை வளரும் என்கிறார்களே?" என்று கேட்டார். ஹரியானாவில் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் அப்படி ஒரு ஆராய்ச்சி நடந்தது, 2016-ல் வெளியாயிற்று. பல வருஷம் யஜுர்வேதம் மனப்பாடம் செய்த 21 பண்டிதர்களை, வயதொத்த மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மொழி, ஞாபகம் சம்பந்தமான சில பகுதிகள் பண்டிதர்களுக்குப் பெரிதாக இருந்தன. ஆனால் பயிற்சியால் பெரிதாயிற்றா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தான் அத்யயனத்தில் நிலைத்தார்களா என்று அந்த ஒப்பீட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நம் பெருமைக்காக விஞ்ஞானம் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லக் கூடாது. ஹ்ரஸ்வம் ஒரு மாத்திரை, தீர்க்கம் இரண்டு மாத்திரை என்று கால அளவில் இத்தனை சிரத்தை வைத்த ஒரு பயிற்சி மேலும் ஆராயத் தகுந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

முடிவாக, அன்பர்களிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, எதைக் கற்றாலும் தினம் கொஞ்சமாக, அடுத்த நாள் இன்னும் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் நாலு மணி நேரம் உட்கார்ந்து வெறுத்துப் போக வேண்டாம். பிள்ளைகளும் பெரியவர்களுக்கு ஒரே மூச்சில் எல்லாப் பொத்தானையும் காட்டாமல், ஒரு நாளைக்கு ஒன்று காட்டுங்கள். இரண்டாவது, இரண்டு காதும் மந்தமாகி, இரண்டுக்கும் கருவி வைக்கச் சொன்னால், செலவுக்காக ஒன்றோடு நிறுத்துமுன் யோசியுங்கள்; ஓசை எந்தப் பக்கம் என்று தெரிய இரண்டு காதும் வேண்டும். மூன்றாவது, அறுபது தாண்டியவர்கள், குறிப்பாகக் கால் மரப்பு, தள்ளாட்டம், மறதி உள்ளவர்கள், அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது பி12-ம் பார்க்க வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். சென்னைக்குப் போகிறபோது பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.